மறுத்தாரா, கேட்கப்படவே இல்லையா? கருக்காலச் சோதனையும் புலம்பெயர்ந்த பெண்களின் தெரிவும்

கருவுற்றுப் பத்து வாரமான ஒரு பெண், தான் குடியேறிய நாட்டின் மகப்பேறு மையத்தில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருக்கும் மிட்வைஃப் (மகப்பேறு பார்க்கும் செவிலியர்) ஒரு கையேட்டை மேசைமேல் விரித்து, நான்கைந்து நிமிடம் நிதானமாகப் பேசுகிறார். சோதனை கட்டாயமில்லை, எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், முடிவு இப்படி வந்தால் அடுத்து இன்னின்ன வழிகள் உண்டு என்று அவர் சொல்வது அத்தனையும் அந்நாட்டு மொழியில் இருக்கிறது. பேச்சு நின்றதும் பெண் கணவரைப் பார்த்து, "என்னவாம்?" என்கிறார். "ஒண்டுமில்லை, ஒரு ரத்தச் சோதனையாம். எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்கிறார் கணவர். பெண் தலையசைக்கிறார். கணினியில் 'ஏற்றுக்கொண்டார்' என்ற கட்டத்தில் ஒரு குறி விழுகிறது.

அதே மையத்தின் பதிவேட்டில் இன்னொரு பெண்ணின் பெயரும் இருக்கிறது. எங்கே போய்ப் பதிவு செய்வது என்பதே தெரியாமல் நாள்களைக் கடத்தி, பதினாறாவது வாரத்தில்தான் அவர் முதன்முதலாக வந்து சேர்ந்தார். முதல் மூன்று மாதச் சோதனைக்குரிய காலம் அதற்குள் கடந்துவிட்டதால், அவர் பெயருக்கு நேரே 'எடுக்கவில்லை' என்று பதிவாகிறது. ஆண்டு முடிவில் கணக்குத் தொகுக்கும்போது முதல் பெண் பங்கேற்றோர் வரிசையிலும் இரண்டாமவர் பங்கேற்காதோர் வரிசையிலும் நிற்பார்கள். இரண்டாமவரின் பண்பாட்டில் இத்தகைய சோதனைக்கு இடமில்லை போலும் என்று யாரேனும் விளக்கம் எழுதவும் கூடும். உண்மையில் இருவருமே எதையும் தெரிவு செய்யவில்லை. ஒருவருக்குக் கேள்வி மொழிபெயர்ப்பிலேயே கரைந்துபோனது. மற்றவரிடம் கேள்வியே கேட்கப்படவில்லை.

புலம்பெயர்ந்த பெண்களும் அந்நாட்டிலேயே பிறந்த பெண்களும், கருவில் டவுன் போன்ற நோய்க்குறிகள் உண்டா என்று பார்க்கும் கருக்காலச் சோதனை பற்றி எந்த அளவுக்கு அறிந்து முடிவெடுக்கிறார்கள் என்ற ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம், இந்த இரண்டு குறிகளையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பங்கேற்பு விகிதம் என்ற ஒற்றை எண், ஒரு பெண் விரும்பியது நடந்ததா என்பதைச் சொல்லவே சொல்லாது.

மற்றச் சோதனைகளிலிருந்து இது வேறானது

கருவுற்ற பெண்ணுக்கு எடுக்கப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை, கண்டறிந்ததைச் சரிசெய்யும் நோக்கம் கொண்டவை. இரத்தச்சோகை தெரிந்தால் இரும்புச்சத்து தரப்படும், சிஃபிலிஸ் தெரிந்தால் பென்சிலின் தரப்படும், எச்.ஐ.வி. தெரிந்தால் மருந்து கொடுத்துக் குழந்தைக்குத் தொற்றாமல் காக்கலாம். இவற்றில் கூடுதல் பெண்கள் பங்கேற்பது எல்லோருக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் டவுன், எட்வர்ட்ஸ், படாவ் ஆகிய மூன்று நோய்க்குறிகளுக்கான சோதனை இந்த வரிசையில் சேராது. முறையே 21, 18, 13 ஆகிய எண்ணுள்ள குரோமோசோம்களில் ஒன்று கூடுதலாக இருப்பதால் இவை உண்டாகின்றன. அந்தக் கூடுதல் குரோமோசோமைக் கருப்பையிலோ பிறந்த பின்னரோ நீக்கும் மருத்துவம் இல்லை. சோதனை தருவது தகவல் மட்டும்தான். அந்தத் தகவலைக் கொண்டு ஒரு பெண் தன் மனத்தையும் வீட்டையும் முன்கூட்டித் தயார்படுத்தலாம், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம், கருவைக் கலைக்கவும் முடிவெடுக்கலாம். எதுவும் தெரியாமலே இருந்துவிடுவதும் அவர் உரிமைதான்.

ஆகவே இந்தச் சோதனையின் வெற்றியை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பதால் அளக்கக் கூடாது, எத்தனை பேர் அறிந்து முடிவெடுத்தார்கள் என்பதாலேயே அளக்க வேண்டும் என்று பல நாடுகள் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. டென்மார்க்கின் சுகாதாரத் துறை 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லா வயதுப் பெண்களுக்கும் முதல் மூன்று மாதச் சோதனையை முன்வைத்தபோது, பெண்ணின் சொந்த முடிவையே அதன் நோக்கமாக அறிவித்தது. நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே மிட்வைஃப் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'சோதனை வேண்டுமா?' என்பதன்று; 'இந்தச் சோதனையைப் பற்றிய விவரம் உங்களுக்கு வேண்டுமா?' என்பதுதான். வேண்டாம் என்று பெண் சொன்னால் பேச்சு அத்துடன் நிற்க வேண்டும். அறியாமல் இருக்கும் உரிமை என்று இதைச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 2015-இல் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில் வழங்கிய தீர்ப்பு, மருத்துவர் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கான அளவுகோலை மருத்துவரின் வழக்கத்திலிருந்து எடுத்து, அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எது முக்கியமாகப் படும் என்ற இடத்தில் வைத்தது. இங்கிலாந்தில் கருவுற்ற பெண் மூன்று நோய்க்குறிகளுக்கும் சேர்த்துச் சோதிக்கலாம், டவுனுக்கு மட்டும் சோதிக்கலாம், மற்ற இரண்டுக்கு மட்டும் சோதிக்கலாம், எதற்குமே சோதிக்காமலும் இருக்கலாம்.

நான்கு வழிகள் என்று எழுதுவது எளிது. அவற்றை வேற்று மொழியில், கால் மணி நேரத்துக்குள், குமட்டலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் புரிந்துகொள்வது எளிதன்று.

தெரிந்திருக்க வேண்டியது எவ்வளவு

இந்தச் சோதனையை ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் என்பார்கள், அதாவது சலித்துப் பார்ப்பது. சல்லடையில் தங்குவதெல்லாம் கல்லாக இருக்க வேண்டியதில்லை, கீழே விழுவதெல்லாம் அரிசியாகவும் இருக்க வேண்டியதில்லை. நோயை உறுதிசெய்யும் சோதனை வேறு, சலிக்கும் சோதனை வேறு என்ற இந்த ஒரு வேறுபாடு புரியாமல் எடுக்கும் எந்த முடிவையும் அறிந்து எடுத்த முடிவாகக் கொள்ள இயலாது.

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். ஆயிரம் கருக்களில் ஒன்றுக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் ஒரு வயதுப் பிரிவில், ஒரு லட்சம் பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேரின் கருவில் அந்த நோய்க்குறி இருக்கும். கருவின் கழுத்துப்பகுதியை அளக்கும் ஸ்கேனையும் தாயின் இரத்தச் சோதனையையும் சேர்த்துச் செய்யும் கூட்டுச் சோதனை நூற்றுக்கு 85 கருக்களைப் பிடித்து, பாதிப்பில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகச் சுட்டும் என்று கொண்டால், பட்டியலில் 85 பேர் சரியாகவும் ஏறத்தாழ 5,000 பேர் தவறாகவும் வருவார்கள். அதாவது 'வாய்ப்பு அதிகம்' என்று செய்தி பெறும் அறுபது பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் அது இருக்கும். தாயின் இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு செய்யப்படும் என்.ஐ.பி.டி. சோதனை இதைவிடப் பன்மடங்கு துல்லியமானது. 99 விழுக்காட்டைப் பிடித்து, ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டினால்கூட, அதே ஒரு லட்சம் பேரில் 99 பேர் சரியாகவும் ஏறத்தாழ 100 பேர் தவறாகவும் பட்டியலில் வருவார்கள். செய்தி பெறுவோரில் பாதிப் பேருக்கு அது இருக்காது. நாற்பது வயதை ஒட்டிய, நூற்றில் ஒருவருக்கு நோய்க்குறி இருக்கும் பிரிவில் அதே சோதனையைச் செய்தால், பத்தில் ஒன்பது முடிவுகள் சரியாக இருக்கும். சோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது. '99 விழுக்காடு துல்லியம்' என்ற விளம்பரச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு, அவர் எந்த நாட்டில் பிறந்தவராயினும், இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அந்த டி.என்.ஏ. துணுக்குகள் குழந்தையின் உடலிலிருந்து நேரே வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன என்பதும் இங்கே தொடர்புடைய செய்தி. தாயின் இரத்தத்தில் அவை இருப்பதை ஆய்வாளர் டென்னிஸ் லோவின் குழு 1997-இல் வெளியிட்டது. நஞ்சுக்கொடியில் உள்ள குரோமோசோம் பிழை குழந்தையில் இல்லாமலும் போகலாம். ஆகவே உறுதிசெய்ய விரும்பினால் நஞ்சுத் திசுவையோ பனிக்குட நீரையோ ஊசி வழியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் கரு கலையக்கூடிய வாய்ப்பு இருநூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று இப்போது சொல்லப்படுகிறது.

இவ்வளவும் சோதனையைப் பற்றியது. நோய்க்குறியைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பது இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. டவுன் நோய்க்குறி உள்ளவரின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 25 ஆண்டுகளாக இருந்தது. இன்று ஏறத்தாழ 60 ஆண்டுகள். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். அதில் பெரும்பகுதியை அறுவை மருத்துவத்தால் சரிசெய்ய முடிகிறது. கற்றலில் குறைபாடு எல்லோருக்கும் உண்டு, அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், அதைப் பிறப்புக்கு முன் எந்தச் சோதனையும் சொல்லாது. இவற்றைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லி முடிவு கேட்பது, முகவரி தராமல் ஓர் ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்பதற்குச் சமம்.

அளந்து பார்த்தபோது தெரிந்தது

அறிந்து செய்யும் தெரிவை அளக்க ஒரு கருவியை உளவியலாளர் தெரேசா மார்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் பிரிட்டனில் உருவாக்கினார்கள். சோதனையைப் பற்றிய எட்டுக் கேள்விகளால் பெண்ணின் அறிவு அளக்கப்படுகிறது. அந்தச் சோதனை தமக்கு நன்மையா தீமையா, முக்கியமா இல்லையா என்பன போன்ற நான்கு அளவைகளால் அவரது மனப்பாங்கு அளக்கப்படுகிறது. மூன்றாவதாக, அவர் சோதனையை எடுத்தாரா இல்லையா என்பது பார்க்கப்படுகிறது. அறிவு போதுமா போதாதா, மனப்பாங்கு சாதகமா பாதகமா, எடுத்தாரா இல்லையா என்று பெருக்கினால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். அவற்றில் இரண்டே இரண்டுதான் அறிந்து செய்த தெரிவு: நன்கு அறிந்து, விரும்பி, எடுத்துக்கொண்டது, நன்கு அறிந்து, விரும்பாமல், விட்டுவிட்டது. மீதி ஆறில் எதில் விழுந்தாலும், அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே விழுந்த குறி அவருடைய முடிவைக் குறிப்பதாகாது. இந்தக் கருவியின் பெரிய நன்மை, 'எடுத்தது நல்லது, விட்டது கெட்டது' என்ற கணக்கை அது முற்றிலும் உடைத்துவிடுகிறது என்பதுதான். விரும்பி எடுத்தாரா என்பதோடு, எண்ணிப் பார்த்து எடுத்தாரா என்பதையும் சேர்க்க வேண்டும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் பின்னர் வலியுறுத்தினார்கள். அது நியாயமான திருத்தமே.

இந்தக் கருவியைக் கொண்டு எலிசபெத் டார்மண்டியும் மார்டோ உள்ளிட்டோரும் 2005-இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வு, அதுவரை பரவலாக இருந்த ஒரு நம்பிக்கையைச் சாய்த்தது. சிறுபான்மை இனப் பெண்களும் வறிய பெண்களும் டவுன் நோய்க்குறிச் சோதனையைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர்களுக்கு அதில் விருப்பமில்லை என்பதே வழக்கமான விளக்கம். ஆய்வாளர்கள் நேரே கேட்டுப் பார்த்தபோது, சோதனை மீதான மனப்பாங்கில் இனத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்ற வேறுபாடு காணப்படவில்லை. விரும்பியவர்கள் விரும்பியதைப் பெற்றார்களா என்பதில்தான் வேறுபாடு இருந்தது. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த வெள்ளையினப் பெண்ணுக்கு அது பெரும்பாலும் நடந்தது. அதே நினைப்புள்ள சிறுபான்மை இனப் பெண்ணுக்கு அது நடக்காமல் போவது மிகுதியாக இருந்தது.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டச்சு, சுரினாம், துருக்கி வம்சாவளிப் பெண்களை ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. டச்சுப் பெண்களில் பெரும்பாலோர் அறிந்து முடிவெடுத்தோர் என்ற பிரிவில் வந்தார்கள். சுரினாம் பெண்களில் அது வெகுவாகக் குறைந்தது. துருக்கிப் பெண்களில் மிகச் சிலரே அந்தப் பிரிவுக்குள் வந்தார்கள். சுரினாம் டச்சு ஆட்சியில் இருந்த நாடு. அங்கே ஆட்சிமொழியும் பள்ளிமொழியும் டச்சு. துருக்கியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன வேறுபாடு என்று தலைப்பிடப்படும் அட்டவணையில் மொழி எவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது என்பதை இந்தப் படிநிலையே உணர்த்துகிறது.

மூன்றாவது சான்று, பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவைப் பற்றியது. பெற்றோர் இருவரும் அதன் மரபணுவைத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் இத்தகைய குடும்பங்களைப் பற்றி பெர்னடெட் மோடலும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட தணிக்கையில், பாகிஸ்தானிய வம்சாவளித் தம்பதியருக்கு முதல் மூன்று மாதத்துக்குள் விவரம் சொல்லப்பட்டபோது பெரும்பாலோர் கருவைச் சோதிக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதும், காலம் கடந்து சொல்லப்பட்டபோது அந்த எண்ணிக்கை பெரிதும் சரிந்தது என்பதும் தெரியவந்தது. காலத்தோடு எதுவுமே சொல்லப்படாத தம்பதியரும் ஏராளம். ஒரே சமூகம், ஒரே மதம், ஒரே நோய். பத்து வாரத்தில் கேட்டால் ஒரு விடை, இருபது வாரத்தில் கேட்டால் வேறு விடை. பண்பாடு பத்து வாரத்தில் மாறிவிடுவதில்லை.

மதத்தைக் காரணம் காட்டுவோர் இதையும் கவனிக்க வேண்டும். முஸ்லிம் பெண்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று தாமாகவே முடிவுகட்டி, விவரத்தைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் மருத்துவப் பணியாளர்களிடையே இருந்துவந்திருக்கிறது. ஆனால் மக்காவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அவை 1990-லேயே, குணப்படுத்த இயலாத கடுமையான குறைபாடு மருத்துவர் குழுவால் உறுதிசெய்யப்பட்டால், பெற்றோர் கோரும் நிலையில், கருவின் 120 நாளுக்கு முன்பு கலைக்க அனுமதி தந்தது. அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. கருவைக் கலைக்க மாட்டோம், ஆனாலும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்று சொல்லும் பெண்களும் எல்லா மதத்திலும் உண்டு. ஒருவரின் மதத்தைப் பார்த்து அவரது விடையை எழுதிக்கொள்வது, அவரைக் கேட்காமலிருப்பதற்கான சாக்கு மட்டுமே.

கேள்வி எங்கே தொலைகிறது

முதலாவது, காலத்தில் தொலைகிறது. இங்கிலாந்தில் கூட்டுச் சோதனைக்குரிய காலம் 11 வாரம் 2 நாளில் தொடங்கி 14 வாரம் 1 நாளில் முடிகிறது. மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. அதற்குப் பிறகு 20 வாரம் வரை இரத்தச் சோதனை ஒன்று உண்டு. ஆனால் அது டவுனுக்கு மட்டுமே உரியது, துல்லியமும் குறைவு. புதிதாக வந்தவருக்கு வதிவிடத் தாள், குடும்ப மருத்துவரிடம் பதிவு, வேலை இடத்தில் விடுப்பு என ஒவ்வொன்றாகக் கைகூடுவதற்குள் அந்த மூன்று வாரம் ஓடிவிடும்.

இரண்டாவது, பணத்தில். நெதர்லாந்தில் என்.ஐ.பி.டி. 2017 ஏப்ரலில் எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டபோது, அதற்கு 175 யூரோவைப் பெண்ணே செலுத்த வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில்தான் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. 175 யூரோவைக் கட்ட முடியாததால் விட்டவரும், கொள்கையால் விட்டவரும் புள்ளிவிவரத்தில் ஒன்றுதான்.

மூன்றாவது, மொழியில், இதுவே எல்லாவற்றிலும் ஆழமானது. நெதர்லாந்து அரசு 2012 ஜனவரி முதல் மருத்துவத் துறை மொழிபெயர்ப்பாளர்களுக்கான தன் நிதியை நிறுத்தியது. டென்மார்க் 2018-இல், மூன்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தாமே கட்டணம் கட்ட வேண்டும் என்று விதித்தது; அந்தக் கட்டணம் பின்னர் நீக்கப்பட்டது. வந்தவர்கள் மொழியைக் கற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் கடையில் பேசவும் பேருந்தில் வழி கேட்கவும் கற்ற மொழி, நிகழ்தகவையும் கருக்கலைப்பையும் பற்றிப் பேசப் போதாது. பெண் அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு கையால் எழுதிவிட்டு, அந்த அறிவு வந்துசேரும் வழியை மறு கையால் அடைப்பது முரண்பாடு என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த இடத்தைக் குடும்பம் நிரப்புகிறது. கணவர், மாமியார், சில வேளைகளில் பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை. இவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் மறைப்பதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏன் பயமுறுத்த வேண்டும் என்ற பரிவுதான் பல செய்திகளை விழுங்கிவிடுகிறது. தொடக்கத்தில் சொன்ன கணவரும் பொய் சொல்லவில்லை. நான்கைந்து நிமிடப் பேச்சில் தமக்குப் புரிந்ததை, மனைவி கலங்காத அளவுக்குச் சொன்னார்.

தேர்ந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தமிழில் இது எளிதான வேலையன்று. 'பாசிட்டிவ்' என்ற சொல் நம் காதில் நல்ல செய்தியாக விழுகிறது. இங்கே அது கவலைக்குரிய முடிவு. 'ரிஸ்க்' என்பதை 'ஆபத்து' என்று பெயர்த்தால், தாயின் உயிருக்கே ஏதோ வந்துவிட்டது போல ஒலிக்கும். பிரிட்டன் மருத்துவத் துறை அந்தச் சொல்லைக் கைவிட்டு, 'சான்ஸ்' என்ற நடுநிலையான சொல்லுக்கு மாறியது. அதைத் தமிழில் 'வாய்ப்பு' என்று பெயர்த்தால், பாதிப் பேருக்குக் கிடைத்தற்கரிய ஒன்று கைகூடப்போவது போலத் தோன்றும். இவற்றைவிடக் கனமானது டவுன் நோய்க்குறி என்ற பெயரை விளக்கும் இடம். 'மூளை வளர்ச்சி இல்லாத குழந்தை' என்று ஒருவர் பெயர்த்தால், அந்த நான்கு சொல்லிலேயே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. 'மெதுவாகக் கற்கும், சில உடல்நலச் சிக்கல்களும் இருக்கலாம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க உதவி தேவைப்படும், பலர் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறார்கள்' என்று சொல்ல நான்கு மடங்கு நேரம் வேண்டும். அந்த நேரம் பெரும்பாலும் ஒதுக்கப்படுவதில்லை.

நான்காவதாக ஒன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு பெண் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் வளர்ந்தாரோ, அந்தச் சட்டமே கேள்வியின் பொருளை அவருக்கு வரையறுக்கிறது. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் உள்ள அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. அங்கே வளர்ந்த பெண்ணிடம், தெரிந்தபின் என்ன செய்யலாம் என்று சொல்லாமல், தெரிந்துகொள்ள விருப்பமா என்று மட்டும் கேட்டால், தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். இந்தியாவிலிருந்து வந்த பெண்ணின் அனுபவம் வேறு வகையானது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்கேன் அறையில் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழியில் அவர் கையெழுத்துப் போட்டே பழகியவர். ஸ்கேன் அறையில் கையெழுத்து என்றால் அது அரசுக்காகப் போடுவது, படித்துப் பார்த்து யோசிக்க அதில் எதுவுமில்லை என்ற பழக்கம் அவரோடு கூடவே வருகிறது. புதிய நாட்டில் நீட்டப்படும் ஒப்புதல் தாளையும் அவர் அப்படியே நினைப்பதில் வியப்பில்லை. அரசாங்கத்து மையம் ஒரு சோதனையை எடுத்துச் சொல்கிறது என்றாலே அது எடுக்க வேண்டிய சோதனைதான் என்று கருதுவதும் அதே பழக்கத்தின் தொடர்ச்சி.

அந்நாட்டிலேயே பிறந்தவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்நாட்டுப் பெண்கள் அனைவரும் தெளிவாக முடிவெடுக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டென்மார்க்கில் பத்தில் ஒன்பது பெண்களுக்கு மேல் முதல் மூன்று மாதச் சோதனையை எடுத்துக்கொள்கிறார்கள். நெதர்லாந்தில் என்.ஐ.பி.டி. திறந்துவிடப்பட்ட முதலாண்டில் அதை எடுத்துக்கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. செல்வத்திலும் கல்வியிலும் ஒத்த இரு நாடுகளுக்கிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதற்குப் பெண்களின் மனம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கேள்வி எப்படி வைக்கப்படுகிறது, அதற்குக் கட்டணம் உண்டா, எல்லோரும் செய்யும் ஸ்கேனோடு அது சேர்ந்தே வருகிறதா, தனியே நிற்கிறதா என்பவையும் முடிவைத் தள்ளுகின்றன. பன்னிரண்டாவது வார ஸ்கேனுக்குக் குழந்தையைத் திரையில் பார்க்கும் ஆசையோடு போகும் பெண், அதே ஸ்கேனில் கழுத்துப்பகுதி அளக்கப்பட்டு ஒரு எண் கணிக்கப்படுகிறது என்பதைப் பின்னால்தான் உணர்கிறார். மொழி தெரிந்திருப்பது அவருக்கு ஒரு பாதுகாப்புதான், ஆனாலும் அதுவே அறிவாகிவிடாது. அவர் பழக்கத்தால் 'சரி' என்கிறார். புலம்பெயர்ந்தவர் புரியாமையால் 'சரி' என்கிறார். வேறுபாடு என்னவென்றால், பின்னால் ஐயம் வந்தால் முதலாமவர் தொலைபேசியை எடுத்துக் கேட்டுக்கொள்வார்.

'புலம்பெயர்ந்தவர்' என்ற தலைப்பின் கீழ் அடைபடும் பெண்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். மென்பொருள் வேலைக்காக வந்து ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் படித்துக்கொள்பவரும், போரிலிருந்து தப்பி வந்து எழுத்தறிவு குறைவாக உள்ளவரும், அந்நாட்டிலேயே பிறந்து பெற்றோர் பிறந்த நாட்டால் மட்டும் கணக்கிடப்படும் இளம்பெண்ணும் ஒரே வரியில் வருகிறார்கள். கல்வி, வந்து எத்தனை ஆண்டு, எந்த மொழியில் விவரம் தரப்பட்டது என்ற மூன்றையும் பிரித்துக் காட்டாத ஆய்வை நான் பாதி ஆய்வாகவே எடுத்துக்கொள்கிறேன்.

செய்யக்கூடியவை பெரிய புதிர்களல்ல. முதல் பதிவின்போதே, அதே நாளில் முடிவு கேட்காமல், விவரத்தை மட்டும் தாய்மொழியில் கொடுத்தனுப்பலாம்; படிக்க இயலாதவருக்குக் கேட்பொலியாகத் தரலாம். தனியே ஒரு சந்திப்பை ஒதுக்கி, குடும்பத்தைச் சேராத மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது இணைக்கலாம். கணவரும் இருக்கலாம், ஆனால் சிறிது நேரமாவது பெண்ணிடம் தனியே பேச வேண்டும். அறுபதில் ஒன்று என்பதைச் சொல்லால் விளக்காமல், அறுபது புள்ளிகள் போட்டு ஒன்றைக் கறுப்பாக்கிக் காட்டினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். கடைசியில், 'புரிந்ததா?' என்று கேட்பதால் பயனில்லை. அதற்கு எல்லோரும் தலையசைப்பார்கள். 'வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் இதைப் பற்றி என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டால், அவர் சொல்லும் விடையிலேயே எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது தெரிந்துவிடும். ஆண்டறிக்கைகளில் பங்கேற்பு விகிதத்தின் பக்கத்திலேயே, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர் கிடைத்தார் என்ற எண்ணையும் அச்சிட்டால், இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்துவிடும் என்றே நினைக்கிறேன்.

இந்தக் குறையின் முழு எடை ஒப்புதல் கேட்கும் நாளில் தெரிவதில்லை. தொடக்கத்தில் தலையசைத்த பெண்ணுக்கு இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவு 'வாய்ப்பு அதிகம்' என்ற பக்கம் விழுந்திருக்கிறது. மூன்று வழிகள் இருக்கின்றன, இத்தனை நாளுக்குள் சொல்லுங்கள் என்கிறது மறுமுனைக் குரல். எல்லாருக்கும் எடுக்கிற ஒரு ரத்தச் சோதனை என்றுதான் அவர் கையை நீட்டினார். தான் எதைத் தேடச் சொன்னோம் என்பதே இப்போதுதான் அவருக்கு முதன்முறையாகச் சொல்லப்படுகிறது, அதுவும் கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், அவருக்குப் பாதி மட்டுமே புரியும் மொழியில்.